மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு: உரிமையியல், குற்றவியல் வழக்குகள் செல்லும் வழி என்ன?

மும்பை: 2006-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி மாலை, மும்பை மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்தன. அவற்றுள் ஒன்று மாட்டுங்கா ரோடு, மாஹிம் நிலையங்களுக்கு இடையே வெடித்தது. 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 800-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். திட்டமிட்ட குற்றங்களைத் தடுக்கும் மகாராஷ்டிர சட்டத்தின் கீழ் விசாரணை நடத்திய சிறப்பு நீதிமன்றம், 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஐந்து பேருக்கு மரண தண்டனையும் ஏழு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. ஒருவர் விடுவிக்கப்பட்டார்.

2025-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தண்டிக்கப்பட்ட 12 பேரையும் விடுதலை செய்தது. அவர்களுள் ஒருவர் 2021-ஆம் ஆண்டே சிறையில் கொரோனா தொற்றால் இறந்துவிட்டார். தீர்ப்பு வெளியான மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. எனினும், விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்பதும் தெளிவுபடுத்தப்பட்டது.

ஒரே சாட்சியங்களை ஆராய்ந்த இரண்டு நீதிமன்றங்கள் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தன. தாயை இழந்த மகனுக்கும், மகனைச் சிறையில் விட்டுக் காத்திருந்த தாய்க்கும் இந்த வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கம் அன்று. மேல்முறையீடு என்றால் என்ன, அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அறிந்திருப்பது, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன் தரும்.

உயர் நீதிமன்றத்தின் அமைப்பு

சென்னை, கல்கத்தா உயர் நீதிமன்றங்களைப் போலவே பம்பாய் உயர் நீதிமன்றமும் 1862-ஆம் ஆண்டு, அரசியின் காப்புரிமை ஆவணத்தின் வழியே நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி அது செயல்படத் தொடங்கியது. சர் மேத்யூ சாசே முதல் தலைமை நீதிபதியாக இருந்தார். கோட்டைப் பகுதியில் உள்ள கோத்திக் பாணிக் கட்டடம் 1878-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. தாராவியை அடுத்த பாந்திரா கிழக்கில் புதிய வளாகத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. நகரின் பெயர் 1995-இல் மும்பை என மாறினாலும், நீதிமன்றத்தின் அதிகாரபூர்வப் பெயர் பம்பாய் உயர் நீதிமன்றம் என்றே நீடிக்கிறது.

மகாராஷ்டிரம், கோவா ஆகிய மாநிலங்களும், தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ ஒன்றியப் பகுதியும் இதன் ஆள்வரையில் அடங்கும். நாக்பூர், சத்ரபதி சம்பாஜிநகர் (முன்னாள் ஔரங்காபாத்), பனாஜி ஆகிய இடங்களில் கிளைகள் உள்ளன. கோலாப்பூரில் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுற்று அமர்வு தொடங்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 94.

மும்பையில் இந்நீதிமன்றம் இரண்டு பிரிவுகளாகச் செயல்படுகிறது. பெரும் தொகை சார்ந்த உரிமையியல் வழக்குகளை நேரடியாக விசாரிப்பது மூலப் பிரிவு. கீழ் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ஆராய்வது மேல்முறையீட்டுப் பிரிவு. 10 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள உரிமையியல் வழக்குகளை மாநகர உரிமையியல் நீதிமன்றமே விசாரிக்கும். இந்த வரம்பு 1 கோடியிலிருந்து 10 கோடியாக உயர்த்தப்பட்டது 2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடைமுறைக்கு வந்தது. இதனால், முன்பு உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய பல சொத்து வழக்குகள் இப்போது மாநகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீடாக மட்டுமே உயர் நீதிமன்றத்தை அடைகின்றன.

மேல்முறையீடு மறுவிசாரணை அன்று

மேல்முறையீட்டில் வழக்கு முழுவதும் புதிதாக விசாரிக்கப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சிகள் வழக்கமாகக் கூண்டேறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான வாக்குமூலங்கள், குறியிடப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு ஆகியவற்றைக் கொண்ட வழக்குப் பதிவேடே நீதிபதிகளின் முன் வைக்கப்படும். அப்பதிவேட்டில் இடம்பெறாத உண்மை, சட்டத்தின் கண்களுக்குப் பெரும்பாலும் தென்படாது.

உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழ் நீதிமன்றங்களில் மராத்தியும் ஆங்கிலமும் புழங்குகின்றன. தமிழில் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு மூதாட்டி தாராவியிலிருந்து வந்து சாட்சி சொன்னால், அவருடைய சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டே பதிவாகும். மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிப்பது அந்த மொழிபெயர்ப்பைத்தான். ஆகவே, வாக்குமூலம் பதிவாகும் நாளிலேயே அது சரியாகப் படித்துக் காட்டப்பட்டு, பிழை இருப்பின் திருத்தப்படுவது அவசியம். பல ஆண்டுகள் கழித்து அப்பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்துவது மிகக் கடினம்.

உரிமையியல் மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியத்தை ஏற்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும், கீழ் நீதிமன்றம் அதைத் தவறாக மறுத்திருக்க வேண்டும். அல்லது உரிய முயற்சி எடுத்தும் முன்பு அது கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அல்லது தீர்ப்பளிக்க அது தேவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே கருத வேண்டும். வழக்கை நடத்தியவரின் கவனக்குறைவால் விடுபட்ட ஆவணத்துக்கு இந்த வாயில் எளிதில் திறப்பதில்லை.

உரிமையியல் வழக்குகள்: எந்தத் தீர்ப்புக்கு எங்கே முறையீடு?

மாநகர உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம். இதில் உண்மை நிலை, சட்டம் ஆகிய இரண்டையும் உயர் நீதிமன்றம் முழுமையாக ஆராயலாம். இருதரப்பும் ஒப்புக்கொண்டு பெற்ற சமரசத் தீர்ப்பாணைக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது.

மாவட்ட நீதிமன்றம் மேல்முறையீட்டில் வழங்கிய தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு வருவது இரண்டாம் மேல்முறையீடு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, கணிசமான சட்டக் கேள்வி எழுந்தால் மட்டுமே இது ஏற்கப்படும். எந்தச் சாட்சியை நம்புவது என்பது போன்ற உண்மை நிலைக் கேள்விகள் பொதுவாக அந்தக் கட்டத்தில் முடிந்துவிட்டவையாகக் கருதப்படும். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தபின், அதே நீதிமன்றத்தில் மீண்டும் மேல்முறையீடு செய்ய 100-அ பிரிவு இடம் தருவதில்லை. மூலப் பிரிவில் தனி நீதிபதி வழங்கிய தீர்ப்பை எதிர்த்து, அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வை நாடலாம்.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் மத்திய மும்பையின் சால்களிலும் பகடி முறையில் வாழும் வாடகைதாரர்களுக்கு வழி வேறு. வாடகை, வெளியேற்றம் தொடர்பான வழக்குகள் 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நடக்கின்றன. அதன் தீர்ப்பை எதிர்த்து, அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மேல்முறையீட்டு உரிமை இல்லை. உயர் நீதிமன்றத்தைச் சீராய்வு மனு போன்ற குறுகிய வழிகளில் மட்டுமே அணுக முடியும். சீராய்வில் அதிகார வரம்பு மீறல், கடுமையான சட்டப் பிழை ஆகியவையே பார்க்கப்படும். எனவே வாடகைதாரருக்கு உண்மையில் முக்கியமான மேல்முறையீடு சிறு வழக்கு நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளில், தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சர்ச்சைக்குரிய தொகை 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மேல்முறையீடு இல்லை. இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், 25,000 ரூபாய் அல்லது இழப்பீட்டில் பாதி, இவற்றுள் குறைந்ததை முதலில் செலுத்த வேண்டும்.

தடை தானாகக் கிடைக்காது

மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்பது பரவலான தவறான நம்பிக்கை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் ஆணை இதைத் தெளிவாக மறுக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருப்பது மட்டுமே தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்குத் தடை ஆகாது. தடை வேண்டுமென்றால் தனி மனு தாக்கல் செய்து, தடை இல்லாவிட்டால் தமக்குக் கணிசமான இழப்பு நேரும் என்றும், காலதாமதமின்றி வந்திருப்பதாகவும் காட்டி, உரிய பிணையமும் தர வேண்டும். இம்மனு இல்லாமல் மேல்முறையீடு பல ஆண்டுகள் நிலுவையில் கிடக்க, வீடு மட்டும் கைமாறிவிடும் நிலை ஏற்படலாம்.

குற்றவியல் வழக்குகள்: தண்டனைக்கு எதிரான முறையீடு

2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. மேல்முறையீட்டு விதிகளின் அடிப்படை பெரிதும் மாறவில்லை. பிரிவு எண்கள் மாறியுள்ளன. தண்டனைத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு முன்பு 374-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது 415-ஆம் பிரிவில் உள்ளது.

நீதித்துறை நடுவர் விதித்த தண்டனையை எதிர்த்து வழக்கமாக அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் தோற்றால், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மட்டுமே உண்டு. அமர்வு நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்திருந்தாலோ, வேறு நீதிமன்றம் 7 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்திருந்தாலோ, மேல்முறையீடு நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு வரும். குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே எதிர்க்க முடியும்.

சிறையில் இருப்பவர் வழக்கறிஞர் இல்லை என்பதற்காக உரிமையை இழக்க வேண்டியதில்லை. சன்ஹிதாவின் 424-ஆம் பிரிவின்படி, அவர் தம் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் அளிக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விட 430-ஆம் பிரிவு வழி செய்கிறது. 3 ஆண்டுகளுக்கு மிகாத சிறைத் தண்டனை பெற்றவர் ஏற்கெனவே பிணையில் இருந்தால், மேல்முறையீடு செய்வதற்கு அவகாசம் தரும் வகையில் தண்டித்த நீதிமன்றமே அவரைப் பிணையில் விடலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை ஆகியவற்றுக்குரிய குற்றங்களில், அரசு வழக்கறிஞர் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்பளித்த பிறகே மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவிக்க முடியும்.

தண்டிக்கப்பட்டவர் மட்டுமே மேல்முறையீடு செய்துள்ள நிலையில், அந்த மேல்முறையீட்டிலேயே அவருடைய தண்டனையை அதிகரிக்க முடியாது. தண்டனை போதாது என்று கருதினால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்போது குற்றவாளிக்கு எதிர்வாதம் செய்யும் வாய்ப்பு அளிக்கப்படும்.

மரண தண்டனை: உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேறாது

அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், வழக்கு முழுவதையும் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 407-ஆம் பிரிவு கூறுகிறது. உயர் நீதிமன்றம் உறுதி செய்யும் வரை தண்டனையை நிறைவேற்ற முடியாது. குறைந்தது இரண்டு நீதிபதிகள் அதில் கையொப்பமிட வேண்டும். இந்த விசாரணையில் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு சாட்சியத்தையும் தானே மீண்டும் எடைபோட வேண்டும்.

2006-ஆம் ஆண்டு ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் நடந்தது இதுவே. மரண தண்டனையை உறுதி செய்யக் கோரிய குறிப்பும், தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகளும் 2015-ஆம் ஆண்டே உயர் நீதிமன்றத்தை அடைந்தன. 2024-ஆம் ஆண்டு தனி அமர்வு அமைக்கப்பட்ட பிறகே தொடர் விசாரணை நடந்தது. 670 பக்கங்களுக்கும் மேற்பட்ட தீர்ப்பில், ஒப்புதல் வாக்குமூலங்களை நம்ப முடியாது என்றும், அடையாள அணிவகுப்பில் குறைகள் உள்ளன என்றும், பயன்படுத்தப்பட்ட குண்டின் வகையைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை என்றும் நீதிபதிகள் கண்டனர். அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், என்.கே. சிங் ஆகியோர் கொண்ட அமர்வு ஜூலை 24-ஆம் தேதி மேற்கண்ட இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது.

தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து மேல்முறையீட்டுத் தீர்ப்பு வரை ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தன. அந்தக் காலம் முழுவதும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிறையில் இருந்தனர். உயிரிழந்தோரின் குடும்பங்கள் இறுதி முடிவின்றிக் காத்திருந்தன. மேல்முறையீட்டின் தாமதம் இரு தரப்பையும் ஒருசேரத் தண்டிக்கிறது என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று.

விடுதலைக்கு எதிரான முறையீடு

கீழ் நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும் வழக்கு அத்துடன் முடிந்துவிடுவதில்லை. மும்பையின் சட்ட வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் கடற்படை அதிகாரி கே.எம். நானாவதி வழக்கு. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி நடந்த கொலையில், ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். அம்முடிவை ஏற்காத அமர்வு நீதிபதி, வழக்கை உயர் நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார். 1960-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூரி முறை பின்னர் இந்தியக் குற்றவியல் வழக்குகளிலிருந்து மறைந்தது.

இன்று, விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் தனி உரிமை உண்டு. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த இவ்வுரிமை, இப்போது சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவில் தொடர்கிறது. விடுதலை, குறைந்த குற்றத்துக்கான தண்டனை, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். இதற்கு முன் அனுமதி பெறத் தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கோடகளி வழக்கில் 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் விடுதலைக்கு எதிரான மேல்முறையீட்டில் வெல்வது எளிதன்று. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்ற அனுமானம், விடுதலைத் தீர்ப்பால் மேலும் வலுப்பெறுகிறது. சாட்சியங்களிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வர இடமிருந்தால், கீழ் நீதிமன்றத்தின் விடுதலையில் தலையிடக் கூடாது என்ற கொள்கையைச் சந்திரப்பா வழக்கில் 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தொகுத்துரைத்தது.

எல்லாக் குறைகளுக்கும் மேல்முறையீடு வழியன்று

தாராவி, செம்பூர் மக்களைப் பெரிதும் பாதிக்கும் குடிசைப்பகுதித் தகராறுகள் வழக்கமான மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. 1971-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டம், இத்தகைய விவகாரங்களில் உரிமையியல் நீதிமன்றங்களின் அதிகாரத்தை விலக்கியுள்ளது. அச்சட்டத்தின் கீழ் உள்ள அதிகாரிகள், உயர்நிலைக் குறைதீர் குழு ஆகியோரை அணுகிய பிறகு, அரசியலமைப்பின் 226, 227 உறுப்புகளின் கீழ் ரிட் மனுவாகவே உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். ரிட் மனுவில் நீதிமன்றம் அதிகாரிகளின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்குமேயன்றி, ஒவ்வொரு உண்மை நிலையையும் மறுபடி முடிவு செய்யாது.

ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியின் மறுசீரமைப்புத் திட்டமும் இவ்வழியிலேயே நீதிமன்றம் சென்றது. 2018-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளியில் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாயும், அதானி குழும நிறுவனம் 4,539 கோடி ரூபாயும் குறிப்பிட்டிருந்தன. ரயில்வே நிலம் சேர்க்கப்பட்டதைக் காரணம் காட்டி 2020-ஆம் ஆண்டு அந்த ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தப்புள்ளியில் 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்ட அதானி பிராப்பர்ட்டீஸ் தேர்வானது. இதை எதிர்த்த செக்லிங்க் நிறுவனத்தின் ரிட் மனுவை 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டபோதும், பணிகளுக்குத் தடை விதிக்க மறுத்தது. இவ்வழக்கு இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலானது. எந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைக்கும் என்ற தகுதிப் பிரச்சினை தனித்தனி ஆவணங்களைச் சார்ந்தது. அது இவ்வழக்கில் முடிவாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

செம்பூரை ஒட்டிய மாஹுல் விவகாரமும் இத்தகையதே. தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையோரம் வீடிழந்த குடும்பங்களை, சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மாஹுல் குடியிருப்புகளுக்கு மாநகராட்சி அனுப்பியது. அப்பகுதியின் காற்று மாசு மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் ஆண்டே கூறியிருந்தது. அங்கே செல்லுமாறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற நிலையை 2019-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் எடுத்தது. மாற்று வீடு தர இயலாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் வைப்புத்தொகையும் வழங்க உத்தரவிட்டது.

சேலத்துத் தொழிலாளியும் நடைபாதை வழக்கும்

உயர் நீதிமன்றத்தில் தந்த உறுதிமொழி மக்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்ற கேள்விக்கும் மும்பையிலிருந்தே விடை கிடைத்தது. சேலம் பகுதியிலிருந்து 1961-ஆம் ஆண்டு வேலை தேடி பம்பாய்க்கு வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவரின் குடிசை, 1981-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இடிக்கப்பட்டது. குடும்பத்துடன் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்ட அவர், பிழைப்புக்காகத் திரும்பி வந்தார். அவரும், மேற்கு விரைவு நெடுஞ்சாலை அருகே காமராஜ் நகர் குடிசைவாசிகளும், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

காமராஜ் நகர் மக்கள் முன்னதாக உயர் நீதிமன்றத்தில், 1981 அக்டோபர் 15-ஆம் தேதிக்குப் பின் குடிசைகள் அகற்றப்படுவதைத் தடுக்க மாட்டோம் என ஒப்புக்கொண்டிருந்தனர். அதனால் அவர்கள் மீண்டும் வாதிட முடியாது என்று அரசுத் தரப்பு கூறியது. அடிப்படை உரிமையை எவரும் ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று கூறி, அந்த வாதத்தை ஐந்து நீதிபதிகள் அமர்வு நிராகரித்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அவ்வமர்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜனும் இடம்பெற்றிருந்தார். 1985-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பு, வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று நிலைநாட்டியது. அதே வேளையில், சட்டப்படியான அகற்றத்தை அது தடை செய்யவில்லை. மழைக்காலம் முடியும் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்று மட்டும் ஆணையிட்டது. உரிமை ஏற்கப்பட்டது, குடிசை நிலைக்கவில்லை.

காலக்கெடுவும் உதவியும்

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் தீர்ப்பாணைகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் பொதுவாக 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். குற்றவியல் தண்டனைக்கு எதிராக 60 நாள்களும், மரண தண்டனைக்கு எதிராக 30 நாள்களும் உண்டு. வணிக வழக்குகளில் 60 நாள்கள். சிறப்புச் சட்டங்கள் வேறு கெடுவை விதிக்கலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற ஆன நாள்கள் இக்கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஆகவே தீர்ப்பு வந்தவுடன் நகலுக்கு விண்ணப்பிப்பதே முதல் கடமை. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால், 5-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அதை மன்னிக்கலாம். அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. கேட்பவரின் உரிமை அன்று.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோர் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். பிறருக்கு மகாராஷ்டிரத்தில் ஆண்டு வருமான வரம்பு 3 லட்சம் ரூபாய். உயர் நீதிமன்றத்திலேயே சட்டப்பணிக் குழு உள்ளது. தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க அடையாளக் குறியீட்டைக் கொண்டு, கீழ் நீதிமன்ற வழக்கின் நிலையை இணையத்தில் அறியலாம்.

உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு, அரசியலமைப்பின் 136-ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்ய 90 நாள்கள் அவகாசம் உண்டு. இது உரிமை அன்று. அனுமதி கிடைத்தால்தான் மேல்முறையீடு. கீழ் நீதிமன்றத்தின் விடுதலையை மாற்றி உயர் நீதிமன்றமே மரண தண்டனையோ, ஆயுள் தண்டனையோ, 10 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறையோ விதித்தால் மட்டும், உச்ச நீதிமன்றத்துக்குச் செல்வது உரிமையாகவே வழங்கப்பட்டுள்ளது. ஏனைய பெரும்பாலான வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் சொல்லே நடைமுறையில் இறுதிச் சொல்லாக அமைகிறது.